இல்லாத அரியணைக்கு யார் வாரிசு? சவோய் குடும்பத் தலைமைத் தகராறின் பின்னணி

இத்தாலியின் கடைசி மன்னருடைய ஒரே மகனான விட்டோரியோ எமானுவேலே 2024 பிப்ரவரி 3 அன்று ஜெனீவாவில் தமது 86ஆம் வயதில் காலமானார். அடுத்த வாரம் தூரின் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. அவருக்குப் பின் சவோய் அரச குடும்பத்தின் தலைவர் யார் என்ற கேள்விக்குச் செய்திகளில் ஒரே விடை கிடைக்கவில்லை. சிலர் அவருடைய மகன் எமானுவேலே ஃபிலிபெர்த்தோ என்றனர். சிலர் குடும்பத்தின் இளைய கிளையைச் சேர்ந்த ஆவோஸ்தா கோமகன் அயிமோனே என்றனர். இன்னும் சிலர், அடுத்த தலைமுறையில் பேத்தி விட்டோரியாவே உரியவர் என்று எழுதினர்.

இத்தாலியில் 1946 முதல் மன்னர் இல்லை. இல்லாத அரியணைக்கு மூன்று பெயர்கள் எப்படி முளைத்தன என்று வாசகர் குழம்புவது இயல்பே. இதில் வியப்பு என்னவென்றால், மூன்று பெயர்களில் எதுவும் கற்பனையாகச் சொல்லப்பட்டதன்று. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சட்டம் அல்லது ஒரு சட்டத்துக்கான விளக்கம் இருக்கிறது. அவற்றுள் எது செல்லும் என்று தீர்ப்பளிக்கத்தான் ஆள் இல்லை.

அரியணை வேறு, குடும்பத் தலைமை வேறு

ஆட்சியில் இருக்கும் மன்னர் இறந்தால் அடுத்தவர் யார் என்பதை நாட்டின் அரசமைப்பே சொல்லிவிடும். சவோய் மன்னர்களுக்கு 1848இல் சார்தீனிய மன்னர் கார்லோ ஆல்பெர்த்தோ வழங்கிய அரசமைப்புச் சாசனம் அந்த வேலையைச் செய்தது. அதன் 2ஆவது பிரிவு, அரியணை சாலிக் சட்டப்படி பரம்பரையாகச் செல்லும் என்றது. ஐயம் எழுந்தால் விளக்கம் தரவும், விதியை மாற்றவும், மாற்றியதை நடைமுறைப்படுத்தவும் அரசரும் நாடாளுமன்றமும் இருந்தன.

முடியாட்சி ஒழிந்ததும் அந்த மூன்று அதிகாரங்களும் ஒரே நாளில் மறைந்துவிடுகின்றன. விதிகள் மட்டும் பழைய வீட்டின் பத்திரம்போலத் தாளில் தங்கிவிடுகின்றன. குடியரசின் பார்வையில் அவற்றுக்குச் சட்ட வலு இல்லை. குடும்பத்தாரின் பார்வையில் அவை இன்றும் உயிருள்ளவை. இந்த இடைவெளியில்தான் ‘குடும்பத் தலைமை’ என்ற கருத்து நிற்கிறது. ஆட்சி தொடர்ந்திருந்தால் இன்று யார் மன்னராக இருந்திருப்பாரோ அவரே தலைவர் என்பது அதன் பொருள்.

இத்தகைய தகராறுகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நான்கு.

1. சாலிக் சட்டம்: பட்டம் ஆண் வழியில் மட்டுமே இறங்கும். பெண்களுக்கு உரிமை இல்லை. அவர்கள் வழியாகப் பிறந்த ஆண்களுக்கும் இல்லை.

2. முதற்பிள்ளை உரிமை: மூத்த பிள்ளைக்கும் அவர் சந்ததிக்கும் முதலிடம். இது ஆண்களுக்கு மட்டும் பொருந்துவதாகவும் இருக்கலாம், மகன் மகள் என்று பாராமல் மூத்தவருக்குப் பொருந்துவதாகவும் இருக்கலாம். பின்னது ஐரோப்பிய முடியாட்சிகளில் 1980க்குப் பிறகே பரவியது.

3. சமநிலைத் திருமணமும் தலைவரின் இசைவும்: அரச குடும்பத்தவர் தமக்கு நிகரான குடும்பத்தில், தலைவரின் அனுமதியோடு மணம் புரிய வேண்டும் என்ற விதி. இதை மீறினால் மணம் செல்லும். பட்ட உரிமை போய்விடும்.

4. உரிமைத் துறப்பு: வாரிசு ஒருவர் தாமே எழுதிக் கொடுத்து விலகுவது. அவர் எழுதிக் கொடுத்தது பிறவாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்துமா என்பது தீராத வழக்கு.

சவோய் தகராறு மூன்றாவதில் தொடங்கி, இப்போது முதல் இரண்டில் வந்து நிற்கிறது.

1946: பதவி துறக்காமல் வெளியேறிய மன்னர்

மூன்றாம் விட்டோரியோ எமானுவேலே 1946 மே 9 அன்று மகன் உம்பெர்த்தோவுக்காகப் பதவி விலகினார். ஜூன் 2 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம் வாக்குகளும் முடியாட்சிக்கு 1 கோடியே 7 லட்சம் வாக்குகளும் விழுந்தன. ஒரு மாதத்துக்குச் சற்றே மேற்பட்ட காலம் மட்டுமே ஆண்டதால் இரண்டாம் உம்பெர்த்தோவை இத்தாலியர் ‘மே மாத மன்னர்’ என்று அழைத்தனர். ஜூன் 13 அன்று அவர் ரோமிலிருந்து விமானம் ஏறினார், போர்த்துகலில் குடியேறினார், 1983 மார்ச் 18 அன்று ஜெனீவாவில் இறக்கும்வரை தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை.

அவர் போனார், ஆனால் பதவி துறப்பதாக எழுதிக் கொடுக்கவில்லை. வாக்கெடுப்பு முடிவு உறுதியாகும் முன்பே அரசு தம் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது என்று கண்டன அறிக்கை விட்டுவிட்டே கிளம்பினார். இது வெறும் ரோஷத்தின் வெளிப்பாடன்று. பின்னால் எழுந்த வழக்காட்டம் முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே சுழல்கிறது. 1983 வரை அவர் மன்னரா, இல்லையா? மன்னர் என்றால் அவருடைய இசைவு தேவை, இல்லையென்றால் தேவையில்லை.

1948இல் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசமைப்பு, இடைக்கால விதிகளில் 13ஆவதாக, முன்னாள் மன்னர்களும் அவர்களுடைய மனைவியரும் ஆண் சந்ததியரும் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று தடை விதித்தது. முடியாட்சியை ஒழித்த குடியரசு, யாரால் ஆபத்து என்று கணக்கிடும்போது மட்டும் சாலிக் சட்டத்தையே பின்பற்றியது. பெண் பிள்ளைகளால் அரியணைக்கு ஆபத்து வராது என்று அதுவும் நம்பியது. கடைசி மன்னரின் வழியினர் அல்லாத ஆவோஸ்தா கிளையினர் இந்தத் தடைக்குள் வரவில்லை. அதனால் மூத்த கிளை அயல்நாட்டில் வளர்ந்தது, இளைய கிளை இத்தாலியில் வாழ்ந்தது.

இரு கிளைகள்

நம் வழக்கில் சொன்னால் இது பங்காளித் தகராறு. இரு கிளைக்கும் மூதாதை ஒருவரே: ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னரான இரண்டாம் விட்டோரியோ எமானுவேலே. அவருடைய மூத்த மகன் முதலாம் உம்பெர்த்தோ. அவர் வழியில் மூன்றாம் விட்டோரியோ எமானுவேலேயும், அவர் மகன் இரண்டாம் உம்பெர்த்தோவும் மன்னராயினர். இரண்டாம் விட்டோரியோ எமானுவேலேயின் இளைய மகன் அமெதேயோ ஆவோஸ்தா கோமகன் பட்டம் பெற்றார். 1870 முதல் 1873 வரை ஸ்பெயினின் மன்னராகவும் இருந்து, வெறுத்துப்போய்ப் பதவி விலகி வீடு திரும்பினார்.

இரண்டாம் உம்பெர்த்தோவுக்கு மூன்று மகள்கள், ஒரே மகன். அந்த ஒரு மகன் உரிமை இழந்தால், சாலிக் சட்டப்படி அடுத்த இடம் ஆவோஸ்தா கிளைக்கு. அப்போது அக்கிளையின் தலைவராக இருந்தவர் 1943இல் பிறந்த இன்னொரு அமெதேயோ. அவர் 1964இல் பிரெஞ்சு அரச மரபைச் சேர்ந்த ஓர்லெயான் இளவரசியை முறைப்படி மணந்தார். பின்னர் அந்த மணம் நிலைக்கவில்லை என்றாலும், விதிப்படி அதில் குறை சொல்ல இடமில்லை.

திருமணம் தந்த சிக்கல்

மன்னரின் மகன் விட்டோரியோ எமானுவேலே காதலித்தது மரீனா தோரியாவை. அவர் சுவிஸ் நாட்டவர். நீர்ச்சறுக்கு விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர். அரச குடும்பத்தவரோ பிரபு குடும்பத்தவரோ அல்லர். தந்தை இசையவில்லை. இசைவில்லாமல் மணம் புரிந்தால் நேரும் விளைவை 1960இலும் 1963இலும் மகனுக்குக் கடிதமாகவே எழுதினார் உம்பெர்த்தோ. உரிமைகள் பங்காளி மகனான அமெதேயோவுக்குச் செல்லும் என்பது அவற்றின் சாரம்.

மகன் எடுத்த வழி விசித்திரமானது. 1969 டிசம்பரில் அவர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பொதுவாக்கெடுப்புக்கு உடன்பட்டு நாட்டை விட்டு வெளியேறியதன் மூலம் தந்தை பதவி துறந்தவராகிறார், ஆகவே 1946 முதல் நானே நான்காம் விட்டோரியோ எமானுவேலே என்பது அதன் உள்ளடக்கம். அடுத்த ஆணையில் மரீனாவுக்குக் கோமகள் பட்டம் அளித்து, சமநிலைக் குறையைத் தாமே நிரப்பிக்கொண்டார். 1970 ஜனவரியில் லாஸ் வேகாஸில் பதிவுத் திருமணமும், 1971 அக்டோபரில் தெஹ்ரானில் திருச்சபை வழித் திருமணமும் நடந்தன. தந்தை இரண்டுக்கும் இசைவு தரவில்லை. அதே வேளையில், மகனுக்கு உரிமை போய்விட்டது என்று ஊரறிய அறிவிக்கவுமில்லை. அவர் மௌனமாகவே இறந்துபோனார். அந்த மௌனத்துக்குத்தான் இரு தரப்பும் இன்றுவரை உரை எழுதிக்கொண்டிருக்கின்றன.

எந்தச் சட்டம் செல்லும்?

உரிமை போய்விட்டது என்று வாதிடுவோர் காட்டும் ஆதாரங்கள்:

1. சார்தீனியாவின் சவோய் மன்னர் மூன்றாம் விட்டோரியோ அமெதேயோ 1780இலும் 1782இலும் பிறப்பித்த அரச ஆணைகள். அரசரின் அனுமதியில்லாமல் தகுதிக்குக் குறைந்த மணம் புரியும் இளவரசரும் அவருடைய சந்ததியும் வாரிசுரிமையை இழப்பர் என்பது இவற்றின் சாரம். இழப்பு தானாகவே நிகழும். தனி அறிவிப்பு வேண்டியதில்லை என்பது இத்தரப்பின் விளக்கம்.

2. 1942இன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 92ஆவது பிரிவு. அரச குடும்பத்தினரின் திருமணத்துக்கு மன்னரின் இசைவு வேண்டும் என்று அது சொன்னது.

3. உம்பெர்த்தோவின் இரு கடிதங்கள்.

எதிர்த்தரப்பின் விடை இப்படிப் போகிறது. 18ஆம் நூற்றாண்டு ஆணைகள் 1848 சாசனத்தோடு காலாவதியாயின. சாசனம் சாலிக் சட்டத்தை மட்டுமே சொல்கிறது, திருமண நிபந்தனை எதையும் சொல்லவில்லை. தனிப்பட்ட கடிதத்தில் தந்தை விடுக்கும் எச்சரிக்கை சட்டமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1970இல் உம்பெர்த்தோ ஆட்சியில் இல்லாத மன்னர். அவரிடம் இசைவு கேட்க வேண்டிய கட்டாயம் சட்டப்படி யாருக்கும் இல்லை.

இந்தக் கடைசி வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானது. உற்றுப் பார்த்தால் தன் காலையே வெட்டிக்கொள்கிறது. 1970இல் உம்பெர்த்தோவுக்குக் குடும்பத் தலைவர் என்ற அதிகாரமே இல்லை என்றால், 1983இல் அவரிடமிருந்து மகனுக்கு இறங்கியது என்ன? தலைமை என்று ஒன்று இருந்தால் இசைவு கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாரிசாவதற்கே எதுவும் இல்லை. 1969 ஆணையைப் பிடித்துக்கொண்டால் மட்டுமே இந்த முடிச்சிலிருந்து தப்பலாம். ஆனால் தந்தை உயிரோடிருக்கும்போதே மகன் தன்னை மன்னராக்கிக்கொண்ட அந்த ஆணையை முடியாட்சி ஆதரவாளர்களிலேயே பலர் வெளிப்படையாகத் தூக்கிப் பிடிக்கத் தயங்குகின்றனர்.

முகத்தில் விழுந்த குத்தும் 2006 அறிவிப்பும்

1983க்குப் பின் இருபது ஆண்டுகள் இது உள்ளுக்குள் புகைந்தது. 2002 பிப்ரவரியில் விட்டோரியோ எமானுவேலேயும் அவர் மகனும் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதாக எழுதிக் கொடுத்தனர். அதே ஆண்டு அக்டோபரில் அரசமைப்புத் திருத்தம் தடையை நீக்கியது. ஆண்டு முடியும் முன்பே அவர்கள் போப்பாண்டவரைக் காண வத்திக்கான் வந்தனர். நாடு திரும்பியது பாசமிகு காட்சிதான். ஆயினும், குடியரசுக்கு விசுவாசம் சொன்னவர் எப்படி அரியணைக்கு உரிமை கோருவார் என்று பழைய முடியாட்சிக்காரர்கள் சிலர் முணுமுணுத்தனர்.

2004 மே மாதம் மாட்ரிட்டில் ஸ்பெயின் பட்டத்து இளவரசர் ஃபெலிப்பேயின் திருமணத்தையொட்டி நடந்த விருந்தின்போது புகை தீயாயிற்று. அமெதேயோவை எதிர்கொண்ட விட்டோரியோ எமானுவேலே அவர் முகத்தில் இருமுறை குத்தினார் என்றும், படிக்கட்டில் தடுமாறிய அமெதேயோவைக் கிரேக்கத்தின் முன்னாள் அரசி ஆன் மரீ தாங்கிப் பிடித்தார் என்றும் ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. அறுபது வயதைக் கடந்த இரு கோமகன்கள், ஐரோப்பாவின் அரச குடும்பங்கள் கூடியிருந்த இடத்தில் கைகலந்துகொண்டனர். விருந்தளித்த மன்னர் ஹுவான் கார்லோஸ் கடும் சினம் கொண்டார் என்றும் செய்தி வந்தது.

2006 ஜூலை 7 அன்று அமெதேயோ தாமே சவோய் குடும்பத் தலைவர் என்றும் சவோய் கோமகன் என்றும் அறிவித்தார். முடியாட்சிக் கால செனட்டின் மரபைத் தொடர்வதாகச் சொல்லும் ‘அரச செனட்டர்கள் ஆலோசனை மன்றம்’ அவரை ஆதரித்தது. உம்பெர்த்தோவின் மகளும் விட்டோரியோ எமானுவேலேயின் உடன்பிறந்தவருமான மரியா கப்ரியேல்லாவும் அண்ணனை விட்டுவிட்டு அமெதேயோவின் பக்கம் நின்றது பலரை வியக்கவைத்தது. அண்ணன் தரப்போ அந்த மன்றத்தை ஏற்கெனவே கலைத்துவிட்டதாகச் சொன்னது. கலைக்கும் அதிகாரம் தலைவருக்கே உண்டு. தலைவர் யார் என்று சொல்வது மன்றம். வட்டம் முழுமையாயிற்று.

கையில் கிடைப்பது என்ன?

பட்டம் இல்லை, ஆட்சி இல்லை. பிறகு எதற்கு இத்தனை போராட்டம் என்று கேட்கலாம். தலைமையோடு வருபவை சில உண்டு. புனித மவுரிசியோ, லாசரோ விருது அணி போன்ற பழைய வீரர் அணிகளுக்குத் தலைமை தாங்கிப் பதக்கம் வழங்கும் உரிமை முதன்மையானது. இரு தரப்பும் அதைக் கோருகின்றன. குடியரசு அந்த அணியைத் தன் அரசமைப்பிலேயே மருத்துவமனை அமைப்பாக மாற்றிவிட்டது தனிக்கதை. அடுத்தது பெயர். இத்தாலியில் பிரபுத்துவப் பட்டங்களுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை, குடும்பப்பெயருக்கு உண்டு. அதனால் ‘சவோய்’ என்று மட்டும் போட்டுக்கொள்ளலாமா, ‘சவோய் ஆவோஸ்தா’ என்றுதான் எழுத வேண்டுமா என்பது உண்மையாகவே நீதிமன்றம் போனது. 2010இல் அரெத்சோ நீதிமன்றம் ஆவோஸ்தா கிளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் மேல்முறையீட்டில் அது மாறியது. எது எப்படியாயினும், நீதிமன்றம் ஆராய்ந்தது பெயருரிமையை மட்டுமே. தலைவர் யார் என்ற கேள்வியைத் தொட அதற்கு அதிகாரமில்லை.

சொத்து இந்தக் கணக்கில் வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உம்பெர்த்தோ வசமிருந்த மிகப் புகழ் பெற்ற பொருள் தூரின் திருத்துணி. இயேசுவின் உடலைச் சுற்றிய துணி என்று பலரும் நம்பும் அதனை அவர் உயிலின் மூலம் போப்பாண்டவருக்கு எழுதிவைத்தார். அது மகனுக்கும் போகவில்லை, அமெதேயோவுக்கும் போகவில்லை.

அரச நகைகளின் கதை இதைவிடச் சுவையானது. வாக்கெடுப்பு நடந்து மூன்று நாளில், 1946 ஜூன் 5 அன்று, வைரங்களும் முத்துகளும் அடங்கிய பெட்டியை அரச மனையமைச்சர் ஃபல்கோனே லுச்சிஃபெரோ இத்தாலிய மத்திய வங்கியில் ஒப்படைத்தார். ஒப்படைப்புச் சீட்டில் உரிமையாளர் பெயர் இல்லை. ‘உரிமை உடையவர் எவரோ அவருக்காக’ என்று மட்டும் எழுதப்பட்டது. முத்திரையிட்ட பெட்டி அப்படியே வங்கிப் பெட்டகத்துள் போயிற்று. 2022இல் அதைக் கேட்டு வந்தவர்கள் உம்பெர்த்தோவின் நான்கு பிள்ளைகள். விட்டோரியோ எமானுவேலேயும், குடும்பத் தலைமையில் அவரை எதிர்த்த தங்கையும் இதில் ஒரே பக்கம் நின்றனர். காரணம் எளிது: அவர்கள் கேட்டது தந்தையின் சொத்தில் பிள்ளைகளுக்குள்ள பங்கு, குடும்பத் தலைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜெர்மனியில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கடைசிக் கைசர் (பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்ம் பதவியிழந்தபின் 1938இல் செய்யப்பட்ட வாரிசு ஒப்பந்தம், சமநிலைத் திருமணம் செய்யாதவருக்குச் சொத்தில் பங்கில்லை என்றது. அதனால் அங்கே திருமண விதியை எடைபோட உண்மையான நீதிமன்றம் கிடைத்தது. 2004இல் ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம், இப்படியொரு நிபந்தனை மணம் புரியும் உரிமையை நெருக்குகிறதா என்று ஆராய வேண்டும் எனக் கூறி, கீழ் நீதிமன்றங்களின் முடிவைத் தள்ளியது. ருமேனியாவிலோ முன்னாள் மன்னர் மிஹாய் 2007இல் தாமே புதிய குடும்ப விதிகளை வெளியிட்டு, மகள் மார்கரேத்தாவை வாரிசாக்கினார். 2015இல் பேரன் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கியதையும் ஊரறிய அறிவித்தார். அவர் செய்தது சரியா என்பது வேறு. செய்தது என்ன என்பதில் ஐயமில்லை. உம்பெர்த்தோ வாய் திறக்காததன் விலை இதை ஒப்பிடும்போது தெரிகிறது.

2019 ஆணை

எமானுவேலே ஃபிலிபெர்த்தோ 1972இல் பிறந்தவர். தொலைக்காட்சி நடனப் போட்டியில் வென்று இத்தாலியர் வீட்டுக்கூடங்களில் அறிமுகமானவர். அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. 2019 டிசம்பர் 28 அன்று, மூத்த பேத்தி விட்டோரியாவின் 16ஆவது பிறந்தநாளில், தாத்தா விட்டோரியோ எமானுவேலே குடும்பச் சட்டத்தைத் திருத்தினார். சாலிக் சட்டம் நீங்கியது. ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே உரிமை என்றாயிற்று.

காலத்துக்கேற்ற மாற்றம் என்று இதைப் பலர் வரவேற்றனர். நியாயமும் அதில் உண்டு. ஆவோஸ்தா தரப்பு இரண்டு மறுப்புகளைச் சொன்னது: முதலாவது, உரிமையிழந்தவர் சட்டம் திருத்த முடியாது, இரண்டாவது, உரிமையுள்ளவரே ஆனாலும், அரசமைப்புச் சாசனத்தில் உள்ள வாரிசு விதியைத் தனியொருவர் மாற்ற இயலாது, நாடாளுமன்றம் வேண்டும். இரண்டாவது மறுப்பு கனமானது. குடும்பத் தலைவர் ஒற்றைக் கையெழுத்தில் பல நூற்றாண்டு வழக்கத்தை மாற்றலாம் என்றால், அதே அதிகாரத்தோடு உம்பெர்த்தோ ஒற்றைக் கடிதத்தில் மகனை விலக்கியிருக்கவும் முடியும். 1963 கடிதத்தை வெறும் தாள் என்று தள்ளிய தரப்பு, 2019 தாளைச் சட்டம் என்கிறது.

இந்த ஆணையின் உண்மையான விளைவு இன்னும் வரவில்லை. சாலிக் சட்டமே தொடர்ந்திருந்தால், மகன் இல்லாத எமானுவேலே ஃபிலிபெர்த்தோவுக்குப் பின் தலைமை எப்படியும் ஆவோஸ்தா கிளைக்குத்தான் போயிருக்கும். லாஸ் வேகாஸ் திருமணம் செல்லுமா செல்லாதா என்று யாரும் கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஒரு தலைமுறை பொறுத்திருந்தால் இரு கோரிக்கைகளும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருக்கும். தந்தை அமெதேயோ 2021 ஜூன் 1 அன்று இறந்தபின் ஆவோஸ்தா கோமகனான அயிமோனேவுக்கு மகன்கள் இருக்கின்றனர். மூத்தவர் 2009இல் பிறந்த உம்பெர்த்தோ.

ஆகவே இன்றைக்கு எமானுவேலே ஃபிலிபெர்த்தோவை ஏற்கும் முடியாட்சி ஆதரவாளர்களே அவருக்குப் பின் இரண்டாகப் பிரிய நேரும். லாஸ் வேகாஸ் திருமணத்தை ஏற்று, 2019 ஆணையை ஏற்காதவர் ஆவோஸ்தா கிளைக்கு மாறுவார். இரண்டையும் ஏற்றவர் விட்டோரியாவோடு நிற்பார். தலைமையை மகளிடம் தம் காலத்திலேயே ஒப்படைக்கும் எண்ணம் இருப்பதாக எமானுவேலே ஃபிலிபெர்த்தோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் அந்தப் பிரிவு அவர் உயிரோடிருக்கும்போதே தொடங்கிவிடும்.